கடைசிப் படிக்குக் கீழே

டொரண்டோவுக்கு வந்த புதிதில் எல்லாரும் குளிரைப் பற்றித்தான் எச்சரித்தார்கள். அது பழகிவிட்டது. ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ட் வீடு, நடந்து போகிற தூரத்தில் தமிழ்க் கடை, முருங்கைக்காய் வரைக்கும் கிடைக்கிறது. பழகாதது ஒன்றுதான். நம் பக்கத்து ஆள் யாராவது அறிமுகமானால் "சொந்த ஊரு?" என்பார். திருநெல்வேலி என்றால் போதாது, "அங்க எங்க?" நாங்குநேரிப் பக்கம் என்றால், "எந்தத் தெரு?" பனி வழித்துக்கொண்டிருப்பவனிடம் எதற்குத் தெருவைக் கேட்கிறார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 2023 மார்ச்சில் டொரண்டோ பள்ளி வாரியம் சாதிப் பாகுபாடு பற்றித் தீர்மானம் போட்டபோது, "இங்க ஏது சாதி?" என்று பொங்கியவர்களில் இப்படித் தெரு விசாரித்தவர்களும் உண்டு.

போன குளிர்காலத்தில் மகளின் பள்ளியில் ஒரு வேலை கொடுத்தார்கள். கற்பனையாக ஒரு நாட்டை உண்டாக்கி, அதன் சட்டதிட்டங்களை எழுத வேண்டும். இவள் நாட்டில் நான்கு அடுக்கு. கடைசியில் 'சாம்பலர்'. சாக்கடை அள்ளுவது, துணி வெளுப்பது அவர்கள் பாடு. பகலில் வெளியே வரக் கூடாது. கையில் சாம்பல் நிறப் பட்டை கட்டியிருக்க வேண்டும். அபாரமான கற்பனை என்று ஆசிரியை எழுதி அனுப்பியிருந்தார்.

கற்பனையா? 1932 டிசம்பரில் இந்து நாளிதழில் திருநெல்வேலி மாவட்டத்துப் புதிரை வண்ணார்கள் என்ற, துணி வெளுக்கும் சாதியாரைப் பற்றிச் செய்தி வந்திருக்கிறது. கண்ணில் பட்டாலே தீட்டு என்பதால் அவர்கள் இரவில்தான் வெளியே வந்து வேலை பார்த்தார்களாம். கைப்பட்டைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் பிள்ளைகள் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டிக்கொண்டு திரிந்தது நேற்றைய கதை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனைக் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அப்புறம்தான் அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை வைத்து ஒரு குழு போட்டது. கயிறு, மோதிரம், நெற்றிப்பொட்டு என்று சாதி காட்டும் எதுவும் பள்ளியில் கூடாது என்று அது 2024 ஜூனில் பரிந்துரைத்தது.

மகளிடம் கேட்டேன், "உன் சாம்பலருக்குக் கீழே யாரு?"

"அதுதான் கடைசி அடுக்குப்பா."

அங்கேதான் அவள் நாடு நம்பும்படியாக இல்லை. எங்கள் தெரு ஊருக்கு வெளியே. டீக்கடையில் எங்களுக்குத் தனி கிளாஸ். ஆனால் எங்கள் வீட்டுப் பேறுகாலத் துணி, தீட்டுத் துணி, இழவு வீட்டுத் துணி எல்லாவற்றையும் வெளுக்க ஒரு கிழவி வருவார். புதிரை வண்ணார். கூலி என்று பெரிதாக எதுவும் கிடையாது. அறுப்புக்கு நெல், சாயங்காலம் வீடு வீடாகச் சோறு. என் ஆச்சியைவிட மூத்தவர், ஆச்சி அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். அவரோ கால்சட்டை போட்ட என்னை 'ஐயா' என்பார்.

வீடியோ காலில் என் அம்மாவிடம் மகள் அந்தக் கிழவியைப் பற்றிக் கேட்டாள். "அவ எங்கட்டி திண்ணையில உக்காந்தா? பின்வாசல்லயே நிப்பா," என்றாள் அம்மா, சாதாரணமாக.

அம்பேத்கர் சொன்ன படிநிலை ஏற்றத்தாழ்வு இதுதான். மிதிபடுகிறவனுக்கும் மிதிக்க ஓர் ஆள் இருந்தால் ஏணி தானாக நிற்கும். காவலுக்கு ராஜாவின் படை வேண்டாம். மகளின் நாட்டில் எல்லை நெடுகப் போர்வீரர்கள்!

அந்தக் கிழவியின் பேரப்பிள்ளைகள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று மகள் கேட்டாள். ஒருவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான் என்று அம்மா சொன்னாள். அந்த மக்களுக்கு 2009-இல் அரசு நலவாரியம் அமைத்தது. ஆனாலும் பட்டியல் சாதிச் சான்றிதழ் வாங்கப் பலர் அலைகிறார்கள், வெறும் 'வண்ணார்' என்று எழுதித் தரப் பார்ப்பார்கள் அதிகாரிகள். அப்படி எழுதிவிட்டால் அவர்கள் பட்டியல் சாதிக் கணக்கிலேயே வர மாட்டார்கள். இது மகளுக்குப் பிடித்துப்போயிற்று. போர்வீரர்களை எடுத்துவிட்டு, சாம்பலருக்குக் கீழே பெயர் பதியாத ஒரு கூட்டத்தைச் சேர்த்திருக்கிறாள். சான்றிதழ் கொடுக்கும் ஆபீசும் ஒன்று வரைந்திருக்கிறாள், வாசலில் நீள வரிசையோடு.