மோட்டர் சத்தம்

நான் படங்களுக்கு ஸ்பாட்ல சவுண்டு எடுக்குற ஆளு. சிங்க் சவுண்டும்பாங்க, டப்பிங் இல்லாம நடிக்கிறவங்க பேசுறதை அங்கயே பிடிச்சிடுறது. காதுல ஹெட்போன், கழுத்துல ரெக்கார்டர் பை, மைக் மாட்டுன பூம் கம்பு பிடிக்க ஒரு பையன், இவ்ளோதான் என் டிபார்ட்மெண்டு. பத்து பன்னெண்டு படம் பண்ணிருக்கேன், அதுல பாதி வெளியவே வரல. வந்ததுல ஒண்ணு பேய்ப்படம். அதைப் பத்தித்தான் எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல கெடக்கு.

கதை சிம்பிள். சென்னைலேந்து மூணு பேரு, தாத்தாவோட பூட்டுன வூட்டை விக்க ஒரு கிராமத்துக்கு வர்றாங்க, ஊரு அவங்களைத் திரும்பிப் போக விடாது. பேயே கெடையாது, ஊருதான் பேயின்னு டைரக்டர் எல்லார்ட்டயும் பெருமையா சொல்லுவாரு. ஃப்ரெண்ட்ஸுங்க போட்ட காசு, 22 பேரு, 19 நாள், கேரவன் கெடையாது, ஜெனரேட்டர் ஒண்ணு, அதுவும் வாடகைக்கு.

மன்னார்குடிக்குக் கெழக்க, கோரையாத்தை ஒட்டுன மாதிரி ஒரு ஊரு. பூட்டுன வூடு அங்க செட்டு போடவே வேணாம், தெருவுக்கு ரெண்டு இருக்கும், ஆளுங்க சிங்கப்பூர்லயோ திருப்பூர்லயோ இருப்பாங்க. முத்தம் வெச்ச ஓட்டு வூடு ஒண்ணு மாசக் கணக்குல கம்மி வாடகைக்கு கெடச்சுது. ஆனா கெடச்சது பங்குனி மாசத்துல. ஸ்கிரிப்டுல பக்கத்துக்குப் பக்கம் பனிமூட்டம்னு எழுதி வெச்சிருக்காரு மனுசன். ஜனவரி 28 மேட்டூரை மூடிட்டா அப்புறம் ஜூன் 12 வரைக்கும் ஆத்துல மணலுதான், சம்பா அறுத்த வயலெல்லாம் உளுந்து, பயறு, அங்கங்க போர்வெல் தண்ணியில பருத்தி, அவ்ளோதான். பனிக்கு எங்க போறது. மார்கழியில வந்துருக்கலாம்ல சார்னு கேட்டேன். அப்ப காசு இல்ல, இப்ப இருக்குன்னாரு, நியாயந்தான்.

மொத நாள் டீக்கடையில நடந்ததை இன்னும் மறக்கல. பத்துப் பேரு ஒக்காந்து சத்தமா பேசிட்டிருந்தாங்க, நாங்க வேனை விட்டு எறங்குனதும் பட்டுனு நின்னுடுச்சு. பாய்லர் கொதிக்கிற சத்தமும் ஒருத்தர் பேப்பர் மடிக்கிற சத்தமும் மட்டும். நான் வெக்கமே இல்லாம ரெக்கார்டரை ஆன் பண்ணிட்டேன், ஏன்னா அந்த மாதிரி அமைதி ஸ்டுடியோவுல செய்ய முடியாது. பயமுறுத்துற அமைதின்னா சத்தமே இல்லாததுன்னு நெறைய பேரு நெனைக்கிறாங்க, அது இல்ல, இருந்த சத்தம் ஒண்ணு நின்னு போறதுதான் பயம். ராத்திரி சீன்ல சில்வண்டு சத்தத்தை மெதுவா எறக்கிட்டே வந்து கட் பண்ணுனா தியேட்டர்ல ஆளு நிமிந்து ஒக்காருவான், எதுக்குன்னு அவனுக்கே தெரியாது.

ஸ்கிரிப்டுல ஊர்க்காரரு கேக்குற மொத டயலாக்கு, "இங்க எதுக்கு வந்தீங்க?" நான் டைரக்டர்ட்ட சொன்னேன், இந்தப் பக்கத்துல யாரும் அப்டி கேக்கவே மாட்டாங்க சார், எந்த ஊரு, யாரு வூட்டுப் புள்ளன்னு கேப்பாங்க, அப்புறம் டீயெல்லாம் வாங்கிக் குடுத்துட்டு சாவகாசமா, அங்க எந்தத் தெருன்னு கேப்பாங்க. அந்த மூணாவது கேள்விக்கு என்ன அர்த்தம்னு டெல்டாவுல பொறந்தவனுக்குத் தெரியும், அதுக்குப் பதில் சொல்றதுக்குள்ள தொண்டை காயுறதும் தெரியும். டைரக்டரு அப்டியே எழுதிக்கிட்டாரு. படத்துல நெஜமாவே பயமான எடம் எதுன்னு என்னைக் கேட்டா அந்த டீக்கடை சீனைத்தான் சொல்லுவேன், ரத்தம் வர்ற எடம் எதுவும் கெடையாது.

எனக்கு திருவையாத்துப் பக்கம். அதனால நான் வெளியாளு இல்லன்னு ஒரு நெனப்பு இருந்துச்சு. டீக்கடைக்காரரு ஒரே வார்த்தையில முடிச்சிட்டாரு, "ஓ, தலைமடைக்காரவங்களா, நீங்க குடிச்சு மிஞ்சுனாத்தான தம்பி எங்களுக்கு." மேட்டூர்ல தொறக்குற தண்ணி கல்லணைக்கு வரவே மூணு நாள் போல ஆகும், அப்புறம் வெண்ணாறு, நீடாமங்கலத்துல மூணாறு தலைப்பு, கோரையாறு, வாய்க்கா, மதகுன்னு பிரிஞ்சு பிரிஞ்சு கடைமடைக்கு வந்து சேர்றதுக்குள்ள எங்க ஊர்ல நாத்து பச்சை கட்டிருக்கும். அந்தக் கோவம் அவரு சொன்னதுல இருந்துச்சு, சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாரு.

கேமராவைக் கண்டா மொறைக்கிறதுக்கும் காரணம் இருந்துச்சு. 2018 நவம்பர் 16 கஜா புயல் அடிச்சப்ப அந்தப் பக்கம் பூரா தென்னை சாஞ்சு, கரண்டு இல்லாம வாரக் கணக்குல கெடந்தாங்க. அப்ப கார் எடுத்துட்டு வந்தவங்க எல்லாம் மொதல்ல போட்டோ எடுத்தாங்களாம், அப்புறந்தான் அரிசிப் பையை எறக்குனாங்களாம். ஒரு அம்மா சொன்னாங்க, "வூடு இருந்த வரைக்கும் ஒருத்தனும் படம் புடிக்க வரல."

என் பிரச்சனை மோட்டரு. ராத்திரி சீன் எல்லாத்துலயும் தூரத்துல ஒரு உர்ர்ர்னு சத்தம், காதுக்கு லேசாத்தான் கேக்கும், மைக்குக்கு அது மலை மாதிரி. பருத்திக்குத் தண்ணி வெக்கிற போர்வெல் மோட்டரு. கோடு போட்ட சட்டை போட்டுக்கிட்டு ஒரு பெரியவரு, அவரோடது. டேக் போறப்ப மட்டும் கொஞ்சம் நிறுத்துங்க அய்யான்னு போய் நின்னேன். "தம்பி, த்ரீ பேஸ் கரண்டு வர்றதே இந்த நேரத்துக்குத்தான். ஒங்க பேய்க்கு அமைதி வேணும்னு எம் பருத்தி காயணுமா?" பதில் சொல்ல முடியல. ஆனாலும் தெனமும் போனேன், அவரும் தெனமும் திட்டிட்டு அஞ்சு நிமிசம் நிறுத்துவாரு. நிறுத்தி வெச்சிட்டு அங்கயே நின்னு கேப்பாரு, "முடிஞ்சுதா? முடிஞ்சுதா?" அதுவும் டேக்ல விழும். போதாக்கொறைக்கு பக்கத்து வயல்ல ராமநாதபுரத்துப் பக்கத்துலேந்து வந்த கீதாரி, ஆடு மேய்க்கிறவரு, ஒருத்தரு கெடை போட்டிருந்தாரு, ஆடு கத்துனா அன்னைக்கு கதை முடிஞ்சுது. அவருதான் எங்கள்ட்ட மொதல்ல சகஜமா பேசுனவரு, அவரும் வெளியூருதான். அவங்க அப்பா காலத்துலேந்து வருசா வருசம் வர்றாங்களாம், இன்னும் "ஆட்டுக்காரரு"தான், பேரு யாருக்கும் தெரியாது.

டைரக்டருக்கு 'பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' மேல ஒரு பைத்தியம், 1999ல வந்த படம், நடிச்ச மூணு பேரே கேமராவும் சவுண்டும் எடுத்தாங்க, அதனாலயே எனக்கும் அது மேல ஒரு பாசம். அதுல ஊர்க்காரங்களைப் பேட்டி எடுக்குற மாதிரி வரும், அதுல சில பேரு டைரக்டருங்க முன்னாடியே சொல்லி வெச்ச ஆளுங்க, நடிச்சவங்களுக்கே அது தெரியாது. எங்காளும் அதே மாதிரி ஊர்க்காரங்கள்ட்ட பேய்க்கதை கேட்டாரு, நல்ல நல்ல கதையா வந்துச்சு. ஆனா அவரு சொல்லாம விட்ட இன்னொரு பாதி இருக்கு. அந்தப் படத்துல வர்ற பர்கிட்ஸ்வில் நெஜ ஊரு, மேரிலாண்டுல 200 பேரு கூட இல்லாத ஊரு. படம் ஓடுனதும் ரசிகருங்க கூட்டம் கூட்டமா போயி ஊர்ப் பேர்ப் பலகையையே கழட்டிட்டுப் போய்ட்டாங்க. படத்துல ஊரு பயமுறுத்துச்சு, வெளிய பாத்தா ஊருதான் பயந்துச்சு. இதை நான் அப்ப ஒரு ஜோக்காத்தான் நெனச்சேன்.

பதினாலாவது நாள் ராத்திரி. பனி வேணும்ல, ஸ்மோக் மெஷின் ரிப்பேரு. ஆர்ட் டிபார்ட்மெண்ட் பசங்க தார் டின்னுல ஈர வைக்கோலைப் போட்டுக் கொளுத்துனாங்க. நல்லாத்தான் பொகை வந்துச்சு. திடீர்னு தெக்கத்திக் காத்து ஒரு வீசு வீசுச்சு. இப்பல்லாம் மெஷின் அறுப்பு, வைக்கோலை உருட்டி உருட்டிக் கட்டா அடுக்கி வெச்சிருப்பாங்க, வூட்டுக்குப் பின்னாடி ஒரு ஆயாவோட கட்டு அறுவது எழுவது இருந்துச்சு. ஒரே ஒரு பொறிதான். எனக்கு மொதல்ல ஹெட்போன்லதான் தெரிஞ்சுது, பட பட படன்னு, யாரோ காஞ்ச ஓலை மேல நடக்குற மாதிரி. திரும்பிப் பாத்தா செவப்பா இருக்கு.

நாங்க 22 பேரும் சும்மா நின்னோம். நெசமா சொல்றேன், ஒருத்தனுக்கும் கை கால் ஓடல, பக்கெட்டு எங்க இருக்குன்னு கூட தெரியாது. ரெண்டு நிமிசத்துல ஊரே வந்துடுச்சு. டார்ச்சு, கொடம், அண்டா, ஈரச்சாக்கு, கீதாரி தொரட்டியைத் தூக்கிட்டு வரப்பு மேல ஓடி வர்றாரு, எரியுற வைக்கோல் கட்டை அதுல கொக்கி போட்டு இழுத்துத் தனியா தள்ளுறாரு. நாய் கொலைக்குது, பொம்பளைங்க எங்களைக் கன்னாபின்னான்னு திட்டிக்கிட்டே தண்ணி ஊத்துறாங்க. அந்தப் பெரியவரு இருட்டுல கொல்லைப்பக்கம் ஓடிக்கிட்டே பேரனைப் பாத்து கத்துறாரு, "மோட்டரப் போட்றா! டேய், மோட்டரப் போட்றா! போட்றா!" ஓஸ்ல தண்ணி வந்துச்சு. வூடு தப்புச்சு. கட்டுல பாதி போச்சு.

ரெக்கார்டர் ஓடிக்கிட்டே இருந்துச்சு. நிறுத்தணும்னு தோணல, இல்ல தோணி நிறுத்தலையா, இப்ப வரைக்கும் தெரியல. 3 நிமிசம் 40 செகண்டு.

மறுநாள் பஞ்சாயத்து, வைக்கோலுக்குக் காசு தர்றதா ஒத்துக்கிட்டோம், அது கூட பெரிசு இல்ல. பெரிசு என்னன்னா அன்னைக்கு மத்தியானம் அந்த ஆயா எங்க எல்லாருக்கும் பழைய சோறும் கத்திரிக்கா வத்தக்கொழம்பும் கொடுத்து விட்டது. அப்புறம் மோட்டரும் கேக்காமலேயே அஞ்சஞ்சு நிமிசம் நின்னுச்சு.

எடிட்டுக்கு வந்தப்ப கிளைமாக்ஸ் செத்துப் போயிருந்துச்சு. மூணு பேரு இருட்டுல ஓடுறாங்க, ஊரு தொரத்துது, ஆனா தொரத்துற ஊரைக் காட்ட ஆளும் இல்ல, லைட்டும் இல்ல. வெறும் டார்ச்சு வெளிச்சம் ஆடுது. டைரக்டரு கேட்டாரு, அன்னைக்கு ராத்திரி நீ எடுத்தது எங்க? குடுத்தேன். நானே ஒக்காந்து கிளீன் பண்ணிக் குடுத்தேன். தண்ணி சத்தம் போச்சு, கொடம் உருளுற சத்தம் போச்சு. நாய் இருக்கட்டும்னாரு. பெரியவரு கொரல் வந்ததும் ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல தோணுச்சு. "மோட்டர"ங்கிறதை வெட்டுனது என் கைதான். மிச்சம் இருந்தது, "போட்றா! டேய்! போட்றா! போட்றா!"

மிக்ஸ் ரூம்ல கேட்டப்ப எனக்கே புல்லரிச்சுது. எங்களைக் காப்பாத்த ஓடி வந்த சத்தம், ஒரே ஒரு வார்த்தை கொறஞ்சதும் எங்களைக் கொல்ல ஓடி வர்ற சத்தமாயிடுச்சு. நல்ல வேலைன்னு எல்லாரும் கை குடுத்தாங்க. தொழில்னு பாத்தா நல்ல வேலைதான், இன்னைக்கும் யாராவது ஷோரீல் கேட்டா அதைத்தான் போட்டுக் காட்டுறேன்.

படம் ஓடிடியில வந்து ரெண்டு மாசம் கழிச்சு ஒரு ஃபோனு.

"தம்பி, பேரன் போன்ல படம் பாத்தேன். கடைசியில கத்துறது நாந்தான?"

"ஆமாங்க அய்யா."

"மோட்டர காணுமே தம்பி."

நான் என்னமோ சொன்னேன், சவுண்டு சரியா விழல, அது இதுன்னு. அவரு கேட்டுக்கிட்டாரு. "நம்பளப் போயி கொலகாரன் ஆக்கிப்புட்டீங்க, என்னாங்குறேன்"னு சிரிச்சாரு, பேரனுக்கு ஸ்கூல்ல அதைச் சொல்லித்தான் கேலியாம், ஒங்க தாத்தா ஆளைப் போட்டுட்டாருன்னு. அப்புறம் ஆயாவுக்கு இன்னும் 2000 ரூவா பாக்கி நிக்குது, ஒங்காளுட்ட ஞாபகப்படுத்துன்னாரு. அதை அப்பயே நான் பேரன் நம்பருக்கு ஜிபே பண்ணிட்டேன், டைரக்டர்ட்ட கேக்கல.

வைக்கிறதுக்கு முன்னாடி கேட்டாரு, "முழுசா கத்துனது ஒங்கிட்ட இருக்கா?"

இருக்குன்னேன். ஹார்ட் டிஸ்குல தேடி, எதையும் கிளீன் பண்ணாம, தண்ணி கொடம் எல்லாத்தோடயும் 14 செகண்டு வெட்டி வாட்சப்ல அனுப்புனேன். ரெண்டு நீல டிக் விழுந்துச்சு. பதில் எதுவும் வரல.