சொனாட்டாவின் கூட்டுரோடு: கிரேடு 8 முடித்த கையோடு

ஏபிஆர்எஸ்எம் (பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியம்) கிரேடு 8 பியானோ ரிசல்ட் வந்துவிட்டது. 150-க்கு 127. டிஸ்டிங்ஷனுக்கு மூன்று மார்க் குறைவு. பார்த்தவுடன் எரிச்சல்தான், இப்போது நிம்மதி.

நான் எடுத்தது பெர்ஃபார்மன்ஸ் கிரேடு, அதாவது வாசிப்பதை வீடியோ எடுத்து அனுப்பும் தேர்வு. ஸ்கேல் (ஸ்வர வரிசை), சைட் ரீடிங் (புதிய இசையைப் பார்த்தவுடன் வாசிப்பது), ஆரல் (காதால் கேட்டுப் பதில் சொல்வது) எதுவும் இல்லாததால் ‘அது ஈசிப்பா’ என்கிறார்கள். நான்கு பீஸையும் 15 நிமிடத்துக்குள், எடிட் இல்லாமல், ஒரே டேக்கில் வாசித்துவிட்டு அப்புறம் பேசட்டும். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தாலாவது சமாளிக்கலாம். கடைசி பீஸில் விரல் வழி தவறினால் மறுபடி முதலிலிருந்துதான்.

நான்கில் ஒரு பீஸை நாமே தேர்ந்தெடுக்கலாம். நான் கடைசியில் வைத்தது பீத்தோவன் ஓபஸ் (படைப்பு எண்) 2 நம்பர் 1, எஃப் மைனர் சொனாட்டாவின் முதல் மூவ்மென்ட் (பகுதி). 1796-இல் வெளியாகி ஹைடனுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இதைப் பற்றிச் சொல்ல என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான்: கூட்டுரோடு, ஒரே மாதிரி வந்து பாதை இரண்டாகப் பிரியும் இடம்.

எக்ஸ்பொசிஷனில் (தீம்கள் அறிமுகமாகும் தொடக்கப் பகுதி) வருவதெல்லாம், நடுவில் அவற்றை விரித்து வாசிக்கும் டெவலப்மென்ட் முடிந்தபின், ரீகேபிடுலேஷனில் திரும்ப வரும். ஆனால் முதல் தடவை இரண்டாவது தீம் ஏ ஃபிளாட் மேஜருக்குப் போகும். இரண்டாம் தடவை எஃப் மைனரிலேயே நிற்கும். அந்தப் பிரிவு ஒன்றிரண்டு பாரில் (தாளக் கட்டம்) நடந்து முடிந்துவிடும். வேகமாக வாசிக்கும்போது விரல் பழைய பாதையில் இழுக்கும். ஏ ஃபிளாட்டில் கால் வைத்துவிட்டால் டெவலப்மென்டுக்கே திரும்பப் போய்விடுவீர்கள். எதிரில் நோட்டு இருந்தும் இது நடக்கும். அந்த வேகத்தில் யார் பக்கத்தைப் பார்க்கிறார்கள்?

நான் செய்தது: பிரியும் இடத்துக்கு முன்னால் நான்கு பார், பின்னால் நான்கு பார். இரண்டு வடிவத்தையும் அடுத்தடுத்து, இடது கை மட்டும். பிறகு வலது. பிறகு சேர்த்து. தினமும் பியானோ முன் உட்கார்ந்ததும் முதல் வேலை இதுதான். முதல் தீம் தொடங்கும் இடத்தையும் கவனியுங்கள்: முதலில் சன்னமான சத்தத்தில், திரும்பி வரும்போது ஃபோர்ட்டே, அதாவது உரக்க. அந்தச் சத்தமே ‘இது இரண்டாம் தடவை’ என்று நினைவூட்டும். பென்சிலில் வட்டம் போடச் சொல்வார்கள். எனக்கு வட்டம் உதவவில்லை, காதுதான் உதவியது.

மோட்சார்ட் கே. 545-இல் இன்னும் குறும்பு. சி மேஜர் சொனாட்டா, ரீகேபிடுலேஷன் எஃப் மேஜரில் தொடங்கும். ஸ்கேல் ஓட்டம் நீண்டு இடது கைக்கும் வரும். 1788-இல் எழுதி, தன் பட்டியலில் ஆரம்ப நிலையினருக்கு என்று அவரே குறித்துவைத்தார். எந்த ஆரம்ப நிலையினரோ!

கிரேடு 8-க்கு முன்னால் ஏறும் படிகள், என் கணக்கில்:

- கிளெமென்டி ஓபஸ் 36 நம்பர் 1. சொனாட்டினாதான், ஆனால் கூட்டுரோடு பழக இதைவிடச் சின்னது இல்லை.
- பீத்தோவன் ஓபஸ் 49 நம்பர் 2. ஓபஸ் எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1805-இல் அச்சானாலும் எழுதியது அதற்குப் பல ஆண்டுகள் முன்பே.
- கே. 545. வேகம் அப்புறம், ஒவ்வொரு நோட்டும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.
- ஓபஸ் 2 நம்பர் 1.
- பீத்தோவனின் ‘மூன்லைட்’ முதல் மூவ்மென்ட் வாசித்தேன் என்பதற்காக அந்த சொனாட்டாவே கைவந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மூன்றாவது மூவ்மென்ட் வேறு ஊர்.

தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமைப் பற்றிக் கேட்காதீர்கள். எனக்குப் பிடிக்காது, கடைசி வாரம்தான் போட்டேன். எங்கள் மிஸ் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

நான்கு பீஸுக்கும் தனித்தனி 30 மார்க் போக, முழு நிகழ்ச்சிக்கும் 30 உண்டு. அதனால் பீஸ்களின் வரிசையை யோசித்து வையுங்கள். பீத்தோவனை நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம், முதலில் வைத்தால் கை சூடாகியிருக்காது. படபடப்பு அதிகம் உள்ளவர்கள் அதையே முதலில் வாசித்துத் தொலைத்துவிடலாம்.

வீடியோ எடுக்கும் நாளில் ஃபேனை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த ஹம் முழுக்கப் பதிவாகும். சென்னையில் அது என்ன கொடுமை என்று சொல்லத் தேவையில்லை. விரல் வியர்த்து வழுக்கும். பீஸுக்கும் பீஸுக்கும் நடுவில் துடைத்துக்கொள்ள ஒரு கைக்குட்டை மடியில் இருக்கட்டும்.