ஊசி அலுமாரிக்குள், திறப்பு வலயத்தில்

மகளுக்குக் கச்சான், அதாவது நிலக்கடலை, ஒவ்வாது. திருகோணமலையில் கச்சான் கண்ணில் படாமல் ஒரு பிள்ளையை வளர்ப்பது என்ன பாடு என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் கச்சான்காரரோடு எனக்கு ஒரு பிரச்சினையும் வந்ததில்லை. பாடுபடுத்தியதெல்லாம் கடிதமும் அலுமாரியும்தான்.

முதலில் கொழும்புப் பயணம். தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனைக்கு இரவு ரயிலில் போய் இறங்கினால், "பிள்ளைக்குப் பிரிட்டோன் குடுத்தீங்களா?" என்று கேட்டார்கள். தடிமனுக்குக் கொடுத்திருந்தோம். அப்படியென்றால் இன்றைக்குச் செய்ய ஏலாதாம். ஒவ்வாமையை அடக்கும் அந்த வகை மருந்து உடம்பில் இருந்தால் தோல் தடிக்காது, முடிவு பிழையாக வரும். பதிவு செய்தபோது காசு, நேரம், அடையாள அட்டை எல்லாம் சொன்னவர்கள் இதை மட்டும் சொல்லவில்லை. எந்த மருந்தை எத்தனை நாளுக்கு முன் நிறுத்த வேண்டும் என்று நீங்களாகவே கேட்டுவிடுங்கள். சில இருமல் பாணிகளிலும் அது கலந்திருக்கும். அடுத்த முறை போனபோது எல்லாம் சுகமாக முடிந்தது.

அப்புறம் பள்ளிக்கூடம். டாக்டரின் கடிதத்தை அலுவலகத்தில் கொடுத்தேன். கிளாக் நிமிர்ந்தும் பார்க்காமல், "எத்தனை நாள் லீவு?" என்றார். லீவு இல்லை, ஒவ்வாமை என்று விளக்கினேன். தலையாட்டிவிட்டு அதை லீவுக் கோவையில்தான் குத்தி வைத்தார். வகுப்பு டீச்சருக்குக் கடிதம் போகவே இல்லை. அலுவலகத்தில் ஒன்று, டீச்சர் கையில் ஒன்று என்று இரண்டு கொப்பி கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்தும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வாமையில் மூச்சு அடைத்தால் உடனே போடும் அட்ரினலின் பேனா ஊசியைத் தேடி எடுத்தது தனிக்கதை. அதைப் பள்ளிக்கூடத்தில் "பத்திரமாக" வைத்திருந்தார்கள். ஒருநாள் போய்ப் பார்த்தால் இரும்பு அலுமாரிக்குள், பூட்டி. திறப்பு? கிளாக்கிடம். கிளாக்? வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போய்விட்டார், பின்னேரம் வருவாராம்.

அன்றைக்குத்தான் அதிபரிடம் சத்தம் போட்டேன். மூச்சு அடைத்தால் நிமிடக் கணக்கு. பின்னேரம் வரை பிள்ளை காத்திருக்காது. இப்போது அது வகுப்பறையில் மேல் தட்டில், பூட்டில்லாமல் இருக்கிறது. பிள்ளைகளுக்கு எட்டாது. வெயில் படும் யன்னலோரமும் கூடாது, குளிர்சாதனப் பெட்டியும் கூடாது. இரண்டு டீச்சர்மார் ஊசியில்லாத பயிற்சிப் பேனாவால் தொடையின் வெளிப்பக்கம் குத்திப் பழகினார்கள். பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம்: மூச்சு இழுத்தால் முதலில் ஊசி, பிறகு 1990 அம்புலன்ஸுக்கு அழைப்பு, பிள்ளையை நடக்கவிடக் கூடாது, தெளிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஒவ்வாமை சில மணி நேரத்தில் திரும்பவும் வரலாம்.

இவ்வளவும் முடிந்த பிறகு வாணி விழா. அவலில் கச்சான் போட்டிருந்ததால் மகளை அதிபர் அறைக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கற் பக்கற்றோடு தனியே இருத்தியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து, "அம்மா, நத்தார் ஒளி விழா அன்றைக்கு நான் வீட்டிலேயே நிக்கிறேன்" என்றாள். டீச்சர் கெட்டவர் இல்லை, பயந்துவிட்டார். போய்க் கதைத்தேன்: பிள்ளையை எழுப்பாதீங்கோ மிஸ், கச்சானை எழுப்புங்கோ. பக்கத்தில் யாரோ கச்சான் வைத்திருந்தாலே ஒன்றும் ஆகாது, வாய்க்குள் போனால்தான் ஆபத்து. சாப்பிட்டபின் எல்லோரும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினால் போதும். கைக்குப் பூசும் திரவம் கச்சானைப் போக்காது.

"ஒரு பிள்ளைக்காக எல்லாருமா?" என்று ஒரு தாய் கேட்டார். பதில் சொல்ல நான் வாய் திறக்குமுன், இன்னொரு தாய் ஒளி விழா கேக்கைத் தானே செய்வதாகச் சொல்லிவிட்டார். மார்ஜரின் பக்கற்றைக்கூடப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். முழு வகுப்பும் அதே கேக்கைத்தான் சாப்பிட்டது.

வீட்டில் அப்பம்மாவோடு ஒத்திகை நடந்தது. அப்பம்மா விடாப்பிடியான மாமி வேஷம்: "ஒரு கடிதானேடி, ஒண்டும் செய்யாது!" மகள் சொல்ல வேண்டியது: "வேண்டாம் மாமி, கச்சான் எனக்கு ஒவ்வாது, மூச்சு அடைக்கும்." ஆரம்பத்தில் முணுமுணுத்தாள். அப்பம்மா காது கேட்காதவ மாதிரி நடித்து நடித்துச் சத்தமாகச் சொல்லவைத்துவிட்டா.

ஒளி விழாவுக்கு வந்த யாரோ ஒருவர் எல்லோருக்கும் டொபி கொடுத்திருக்கிறார். மகள் பேப்பரைத் திருப்பி எழுத்துக்கூட்டி வாசித்து, "மிஸ், இதில கச்சான் போட்டிருக்கு, எனக்கு வேண்டாம்" என்று மண்டபமே கேட்கச் சொன்னாளாம். பக்கத்தில் இருந்த பையனும் தன் டொபியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓம் மிஸ், உண்மைதான்" என்றானாம். டீச்சர் போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

புதிய தரத்தில் வேறு டீச்சர். கடிதத்துக்கு இன்னும் இரண்டு போட்டோ கொப்பி எடுத்துவிட்டேன். பேனா ஊசி காலாவதியாகும் மாதத்தைக் கலண்டரில் வட்டம் போட்டாயிற்று. அடுத்ததை இப்போதே தேடத் தொடங்க வேண்டும்.