அந்த நடுங்கும் கைகள்

இரண்டு நாளா ஹாரி ஃபார் என்ற மனுஷனே மனசுல நிக்கிறார்.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய். 1915-ல் குண்டுச் சத்தத்தால் வந்த அதிர்ச்சி நோய்க்காக ஐந்து மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். மனைவிக்குக் கடிதம் எழுதப் பேனா பிடிக்க முடியாத அளவுக்குக் கை நடுக்கம். அவர் சொல்லச் சொல்ல ஒரு நர்ஸ்தான் எழுதித் தந்திருக்கிறார். அந்தக் கையோடுதான் மறுபடி போர்முனைக்கு அனுப்பினார்கள்.

1916 செப்டம்பரில், சோம் போர்க்களத்தில், "என்னால முடியல" என்று நின்றுவிட்டார். கோழை என்று ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை கொடுத்தது. விசாரணை சுமார் இருபது நிமிஷம்! அவருக்காகப் பேச ஒருத்தரும் இல்லை. அக்டோபர் 18 விடியற்காலை, சொந்த ராணுவமே சுட்டது. கண்ணைக் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். 25 வயது. இவரையா கோழை என்றார்கள்?

ஊரில் மனைவியும் சின்னப் பெண் குழந்தையும். பென்ஷனை நிறுத்தினார்கள், வீடும் போச்சு. அவமானத்துக்குப் பயந்து அந்தம்மா பல வருஷம் வாயே திறக்கவில்லை.

2006-ல்தான், இவரையும் சேர்த்து 306 பேருக்கு பிரிட்டன் மன்னிப்பு வழங்கியது. அந்தக் குழந்தைக்கு அப்போது 93 வயது. அப்பாவுக்காக வழக்காடியதே அவர்தான்.