எம்.சி.ஜி. வாசலில் ரான் பராசி

டிசம்பர் 26-ல் மெல்போர்னில் தொடங்கும் பாக்சிங் டே கிரிக்கெட் டெஸ்டை டிவியில் பார்த்து வளர்ந்தவன் நான். மெல்போர்னில் அக்கா வீட்டுக்குப் போனபோது முதல் வேலையாக ரிச்மண்ட் ஸ்டேஷனில் இறங்கி எம்.சி.ஜி. என்கிற மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்துக்கு நடந்தேன். போனது கிரிக்கெட்டுக்காக. திரும்பும்போது மனசு முழுக்க ஒரு ஃபுட்டி (ஆஸ்திரேலியாவுக்கே உரிய கால்பந்து) வீரர்தான் இருந்தார்.

பிராட்மன், வார்ன் சிலைகளைத் தேடி மைதானத்தைச் சுற்றி வரும்போதுதான் ரான் பராசியின் சிலையைப் பார்த்தேன். பெயர் எனக்குப் புதிது. அப்புறம் உள்ளே சுற்றிக் காட்ட வந்த வழிகாட்டிப் பெரியவரிடம் கேட்டேன். அவர் முகமே மலர்ந்துவிட்டது.

பராசியின் அப்பா பெயரும் ரான் பராசிதான். மெல்போர்ன் கிளப்புக்காக ஆடி 1940-ல் கோப்பை வென்றவர். அடுத்த ஆண்டே இரண்டாம் உலகப் போரில், லிபியாவின் டோப்ரூக் போர்க்களத்தில் இறந்துபோனார். மகனுக்கு அப்போது 5 வயது. பின்னாளில் அம்மா டாஸ்மேனியாவுக்குக் குடிபோனபோது, அப்பாவோடு ஆடிய நார்ம் ஸ்மித் பையனைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அந்த ஸ்மித்தான் மெல்போர்ன் அணியின் கோச். அந்தக் காலத்தில் குடியிருக்கும் பகுதியை வைத்துத்தான் ஒருவர் எந்த கிளப்புக்கு ஆடுவார் என்பது முடிவாகும். முன்னாள் வீரரின் மகன் அப்பாவின் கிளப்பிலேயே சேரலாம் என்று ஒரு விதி வந்தது. அதனால் 1953-ல் பையன் அங்கேயே களமிறங்கினான். அப்பா போட்ட அதே 31-ஆம் எண் சட்டைதான் அவனுக்கும் அடையாளமானது.

மெல்போர்னுக்கு 204 ஆட்டங்கள், ஆறு கோப்பைகள். அதில் 1960, 1964 இரண்டிலும் அவரே கேப்டன். அந்த உச்சத்தில்தான் 1965-ல் கார்ல்டன் என்ற போட்டி கிளப்புக்கு கேப்டனும் கோச்சுமாகப் போய்விட்டார். வளர்த்த வீட்டை விட்டுப் போனதாக எத்தனையோ பேருக்கு மனசு உடைந்ததாம். எனக்கென்னவோ அதுதான் அவர் செய்த பெரிய துணிச்சல் என்று படுகிறது. கோச்சின் பிள்ளையாகவே இருந்திருந்தால் அவர் கோச் ஆகியிருக்க முடியாது.

பராசியின் கார்ல்டனும் காலிங்வுட் கிளப்பும் மோதிய 1970 இறுதி ஆட்டத்தைச் சொல்லும்போது பெரியவரின் குரல் தணிந்தது. அவர் காலிங்வுட் ரசிகர். அன்று சின்னப் பையனாக இதே மைதானத்தில் இருந்தாராம். கூட்டம் 1,21,696 பேர். பாதி ஆட்டத்தில் காலிங்வுட் 44 புள்ளிகள் முன்னிலை. இடைவேளையில் பராசி தன் ஆட்களிடம், பந்தை நீளமாக உதைத்துக் கொடுத்துவிடாதீர்கள், கையால் தட்டி ஓடுங்கள் என்று சொன்னார். மாற்று ஆட்டக்காரராக இறக்கிய டெட் ஹாப்கின்ஸ் நான்கு கோல் போட்டார். கடைசியில் கார்ல்டன் 111, காலிங்வுட் 101. "அழுதுகொண்டேதான் வீட்டுக்குப் போனேன். ஆனால் அந்த மனுஷனை வெறுக்க முடியவில்லை" என்றார் பெரியவர்.

அதற்குப் பிறகு பராசி நார்த் மெல்போர்ன் என்ற கிளப்புக்கு 1975-லும் 1977-லும் கோப்பை வாங்கிக் கொடுத்தார். கடைசியில் சிட்னியிலும் கோச்சாக இருந்தார். 1964-க்குப் பிறகு 57 ஆண்டுகள் கோப்பையே பார்க்காத மெல்போர்ன், 2021-ல் ஜெயித்ததையும் பார்த்துவிட்டுத்தான் 2023 செப்டம்பரில், 87 வயதில் இறந்துபோனார். அந்த வெற்றி அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

கையால் தட்டுவது என்றால் எப்படி என்று கேட்டேன். பெரியவர் ஒரு பழைய ஃபுட்டி பந்தை எடுத்து வந்தார். சிவப்புத் தோல், முட்டை வடிவம், தையல் விரலில் உறுத்தியது. வீசி எறிந்தால் தப்பு. இடது உள்ளங்கையில் பந்தை வைத்து, வலது கையை மடக்கி முஷ்டியால் குத்த வேண்டும். நான் குத்தினேன், பந்து பக்கவாட்டில் போய் நாற்காலிக்கு அடியில் உருண்டது. அவரே குனிந்து எடுத்து மறுபடி என் உள்ளங்கையில் வைத்தார்.

"இன்னொரு தடவை. கையைப் பார்க்காதே தம்பி, பந்தைப் பார்."