‘ஷூல்’ திரைப்படமும் ஊழல் தடுப்புப் பணியும்

நேர்மையான காவல் அதிகாரி ஒருவர் ஊழல் அரசியல்வாதியை எதிர்த்து நிற்கும் இந்திப் படங்கள் எத்தனையோ வந்துவிட்டன. அவற்றுள் 1999இல் ஈ. நிவாஸ் இயக்கத்திலும் ராம் கோபால் வர்மாவின் தயாரிப்பிலும் வெளிவந்த ‘ஷூல்’ படத்தை என்னால் வெறும் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்ள முடிந்ததே இல்லை. அந்தப் படம் வந்த காலத்தில் நான் பாட்னாவில், மத்திய அரசின் புலனாய்வு அமைப்பு ஒன்றின் ஊழல் தடுப்புப் பிரிவில் ஆய்வாளராக இருந்தேன். கதை நடக்கும் பீகாரின் மோதிஹாரி எங்கள் அலுவலக எல்லைக்குள் வரும் ஊர். விசாரணைக்காகச் சென்று, கடைத்தெருவில் தேநீர் குடித்து, வழக்கு ஆவணங்களோடு கடைசிப் பேருந்தைப் பிடித்துத் திரும்பிய ஊரைத் திரையில் பார்க்கும்போது, அங்கே அடிவாங்குபவரும் என் துறையைச் சேர்ந்த ஒருவராகவே தெரிந்தார்.

படத்தின் நாயகன் ஆய்வாளர் சமர் பிரதாப் சிங். அவராக நடித்த மனோஜ் பாஜ்பாய், மோதிஹாரிக்கு அடுத்த மேற்குச் சம்பாரண் மாவட்டத்துக்காரர் என்பதால், அந்த வட்டாரத்துப் பேச்சும் நடையும் அவருக்கு இயல்பாகவே அமைந்துவிட்டன. சட்டமன்ற உறுப்பினர் பச்சு யாதவாக வந்தவர் சாயாஜி ஷிண்டே. அடுத்த ஆண்டே ஞான ராஜசேகரனின் ‘பாரதி’ படத்தில் மகாகவியாக அவரைப் பார்த்த தமிழ் ரசிகர்களுக்கு, இந்தப் படத்தில் அவர் காட்டிய குரூரத்தை நம்புவது கடினமாக இருக்கும். 1917 ஏப்ரலில், மாவட்டத்தைவிட்டு வெளியேறும்படி பிறப்பித்த ஆணைக்குக் கீழ்ப்படிய மறுத்ததை ஒப்புக்கொண்டு காந்தி நீதிமன்றத்தில் நின்றதும் அதே மோதிஹாரியில்தான். படம் அதைப் பெரிதாகப் பேசவில்லை. ஆனால் விசாரணைக்காக அங்கே போகும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

இந்தப் படம் சரியாகப் பிடித்த விஷயங்களை முதலில் சொல்ல வேண்டும். பெரும் சண்டைகளைக் காட்டிலும் சிறு காட்சிகளில்தான் அதன் உண்மை இருக்கிறது. ரயிலிலிருந்து இறங்கியதும் சுமை தூக்குபவரிடம் கூலி குறித்து வாதிடுகிறார் சமர். அதிகாரி என்ற தோரணையைக் காட்டியிருந்தால் பேச்சே எழுந்திருக்காது. கூலிக் கணக்கில்கூட முறை பார்க்கிற இந்த மனிதர், கணக்கு என்ற ஒன்றே இல்லாத ஒரு நிலையத்தில் எப்படிக் காலம் தள்ளப்போகிறார் என்ற கவலை அப்போதே நம்மைப் பற்றிக்கொள்கிறது. பிறகு அவரைத் தனிமைப்படுத்துபவர்கள் ரௌடிகள் மட்டுமல்லர், உடன் வேலை பார்ப்பவர்களும்தான். நேர்மையான அதிகாரி ஒருவர் வந்து சேரும்போது நிலையத்தில் யாரும் அவரை வெளிப்படையாக எதிர்ப்பதில்லை. அவர் கேட்கும் கோப்பு கிடைக்காது, அவர் அனுப்பும் சம்மன் சேராது, வண்டிக்கு டீசல் இருக்காது, சோதனைக்குக் கிளம்பும் செய்தி அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கும். மாநிலக் காவல் துறையில் இருந்த நண்பர்கள் இதைச் சொல்லிச் சொல்லி மனம் வெதும்பியதை நான் அருகிலிருந்து கேட்டிருக்கிறேன்.

இடமாற்றம் பற்றியும் நமது திரைப்படங்கள் ஒருபோதும் பொய் சொன்னதில்லை. காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி முதல் காவல் துறைத் தலைவர் வரை குறைந்தது இரண்டு ஆண்டுப் பதவிக்காலம் உறுதி செய்யப்பட வேண்டும் என்று, காவல் துறைச் சீர்திருத்தம் கோரிய பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதே 2006 செப்டம்பரில்தான். அதற்கு முன்பு ஓர் ஆய்வாளரைப் பணிய வைக்கத் துப்பாக்கி தேவைப்படவில்லை, ஒரு தாள் போதுமானதாக இருந்தது.

எனக்கு உடன்பாடில்லாத இடம் படத்தின் முடிவு. மகளையும் மனைவியையும் பறிகொடுத்து, துறையாலும் கைவிடப்பட்ட சமர், சட்டமன்றத்துக்குள்ளேயே புகுந்து பச்சு யாதவைச் சுட்டுக் கொல்கிறார். பாட்னாவில் நான் பார்த்த காட்சியில் அரங்கம் எழுந்து நின்று ஆரவாரித்தது. அந்த மக்களை நான் குறை சொல்லமாட்டேன். சில ஆண்டுகளுக்கு முன்புதான், 1996 ஜனவரியில், அப்போது பீகாரில் இருந்த சாய்பாசாவில் துணை ஆணையராக, அதாவது மாவட்ட ஆட்சியராக இருந்த அமித் கரே நடத்திய சோதனையால் தீவனம் வாங்கியதாகப் போலிக் கணக்குக் காட்டி அரசுப் பணத்தைச் சுருட்டிய கால்நடைத் தீவன ஊழல் வெளிவந்திருந்தது. கருவூலத்தில் பில்களையும் பணம் எடுத்த கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் தொடங்கிய அந்த வழக்குகளில், அரசியல் தலைமை மீதான முதல் பெரிய தண்டனைத் தீர்ப்பு 2013இல்தான் வந்தது. அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டிய மக்கள், மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும் நியாயத்தைக் கண்டு கைதட்டத்தான் செய்வார்கள்.

ஆனாலும் அந்தத் துப்பாக்கிச் சூட்டில் ஒரு பெரிய விடுபடல் இருக்கிறது. படம் முழுவதும் அஞ்சி நிற்கும் மக்களைக் காட்டுகிறார்கள். அஞ்சாமல் வந்து, இதுதான் நடந்தது என்று சொல்லி, சொன்ன சொல்லில் நிற்கும் ஒரு சாதாரண மனிதருக்குப் படத்தில் இடமே இல்லை. சாட்சி இல்லாத ஊரில்தான் அதிகாரி கொலைகாரராக மாற வேண்டியிருக்கிறது. 1983இல் கோவிந்த் நிஹலானி எடுத்த ‘அர்த் சத்யா’விலும், ஓம் புரி நடித்த உதவி ஆய்வாளர் இறுதியில் வில்லனைத் தன் கையாலேயே கொல்கிறார். எங்கள் வேலையோ தொடக்கம் முதல் முடிவு வரை சாட்சியை நம்பியே நடப்பது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, மாநில அரசின் தனி அதிகாரமளிப்போ மாஜிஸ்திரேட்டின் உத்தரவோ இல்லாமல், சமரைப் போன்ற ஒரு மாவட்ட ஆய்வாளரால் லஞ்ச வழக்கைப் புலன்விசாரணை செய்யவே இயலாது. அதற்குத் துணைக் கண்காணிப்பாளர் நிலை வேண்டும். எங்கள் அமைப்பில் ஆய்வாளருக்கே அந்த அதிகாரம் உண்டு என்பதால்தான் நான் அந்த வழக்குகளை நடத்த முடிந்தது.

அப்படி நடத்திய வழக்குகளுள் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அரசுப் பணிமனை ஒன்றில் வேலை பார்த்து இறந்துபோனவரின் மனைவி எங்களிடம் வந்தார். குடும்ப ஓய்வூதியக் கோப்பை நகர்த்த, கணக்குப் பிரிவு எழுத்தர் ஒருவர் இரண்டாயிரம் ரூபாய் கேட்டிருந்தார். புகாரைப் படித்துக் காட்டி, வேறு வழியில் முதற்கட்டச் சரிபார்ப்பும் செய்து, முதல் தகவல் அறிக்கை பதிந்த பிறகு, லஞ்சம் வாங்கும்போதே கையும் களவுமாகப் பிடிக்கப் பொறி வைக்கும் பணி தொடங்கியது. பணத்தைப் புகார்தாரரே கொண்டுவர வேண்டும். பின்னால் அரசு அதைத் திருப்பித் தரும் என்றாலும், அன்றைக்கு அந்த அம்மாள் அதை வட்டிக்குத்தான் வாங்கி வந்திருந்தார்.

வேறு இரண்டு அரசு அலுவலகங்களிலிருந்து அழைத்துவரப்பட்ட ஊழியர்கள் இருவர் சாட்சிகளாக உட்கார்ந்திருக்க, நூறு ரூபாய் நோட்டுகளின் எண்களை ஒவ்வொன்றாக எழுதிச் சரிபார்த்தோம். பிறகு நோட்டுகளில் பினாப்தலின் பொடி தடவப்பட்டது. தடவிய பின் அது கண்ணுக்குத் தெரியாது. அதைத் தொட்ட விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால், நிறமில்லாத கரைசல் இளஞ்சிவப்பாகிவிடும். அதைச் சாட்சிகளின் முன்பு செய்து காட்டினோம். பொடியைத் தடவியவர் எங்களுடன் வரக்கூடாது, பொடிப் புட்டியும் அலுவலகத்திலேயே இருக்க வேண்டும், நாங்கள் அனைவரும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும், பொடி எங்கள் கையிலிருந்துதான் எழுத்தர் கைக்குப் போயிற்று என்று பின்னாளில் எதிர்த்தரப்பு சொல்லும். அந்த அம்மாளிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான்: எழுத்தர் வாய்விட்டுக் கேட்டால் மட்டுமே பணத்தைக் கொடுக்க வேண்டும், நீங்களாக நீட்டக் கூடாது.

பணம் கைமாறியதும் எங்களுக்குச் சைகையாக முந்தானையைத் தலையில் சரிசெய்யட்டும் என்று உடனிருந்தவர் சொன்னார். அந்தப் பக்கத்துப் பெண்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அனிச்சையாக அதைச் செய்வார்கள் என்பதால் நான் மறுத்தேன். வெளித் தாழ்வாரத்துக்கு வந்து குடையை விரிப்பது என்று முடிவாயிற்று. இரு சாட்சிகளுள் ஒருவர், உறவினர்போல அம்மாளுடன் உள்ளே போனார். குடை விரிந்ததும் நாங்கள் உள்ளே சென்று எழுத்தரின் இரு மணிக்கட்டுகளையும் பிடித்தோம். வலக்கை கழுவிய நீர் ஒரு புட்டியிலும், இடக்கை கழுவிய நீர் இன்னொன்றிலும், சட்டைப் பையை நனைத்த நீர் மூன்றாவதிலும் ஊற்றப்பட்டன. மூன்றும் சிவந்தன. புட்டிகளுக்கு அரக்கு முத்திரை வைத்து, ஒட்டிய சீட்டில் எல்லோரும் கையொப்பமிட்டோம். அந்த மனிதர் கத்தவில்லை, மிரட்டவில்லை, குடிக்கத் தண்ணீர் மட்டும் கேட்டார். மேசையில் அவருடைய மதிய உணவு டப்பா பிரிக்கப்படாமல் இருந்தது. சட்டைப் பையில் நோட்டுகளோடு மகளின் பள்ளிக் கட்டண ரசீதும் இருந்தது. அதையும், சாட்சிகள் முன்னிலையில் எழுதும் பதிவான மகஜரில் எழுதினோம். பச்சு யாதவைப் போன்ற ஒருவரை எதிர்பார்த்துக் காவல் பணிக்கு வரும் இளைஞர்கள் தங்கள் பணிக்காலத்தின் பெரும்பகுதியில் சந்திக்கப்போவது இத்தகைய மனிதர்களைத்தான். வெறுப்பு இல்லாமல் அவர்களைக் கைது செய்யக் கற்றுக்கொள்வது மிகக் கடினமான பயிற்சி. எனக்கும் அது எளிதில் வரவில்லை.

அதன்பின் தொடங்கியது நெடிய காத்திருப்பு. சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, அந்த ஊழியரைப் பணிநீக்கம் செய்யும் அதிகாரம் படைத்தவர் வழக்கு நடத்த இசைவு தந்தால்தான் நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுத்துக்கொள்ளும். இசைவு வந்து, குற்றப்பத்திரிகை தாக்கலாகி, சாட்சி விசாரணைக்குப் பட்டியலில் இடம் கிடைப்பதற்குள் ஆண்டுகள் ஓடிவிட்டன. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இதில் சிவப்பு எங்கே என்று கேட்டார். நாள்பட்டால் அந்த நிறம் வெளிறிப்போவது இயல்பு என்பதால், தடய அறிவியல் ஆய்வகத்தின் அறிக்கையைக் காட்டித்தான் அதற்குப் பதில் சொல்ல முடிந்தது. அடுத்து அந்த அம்மாளிடம், எழுத்தரிடம் வாங்கிய கைமாற்றைத்தானே திருப்பிக் கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். “கடன் வாங்கியிருந்தால் அந்த மாதம் என் வீட்டில் அடுப்பு எரிந்திருக்குமே” என்றார் அவர். குரலை உயர்த்தவே இல்லை. நான் பார்த்த எந்தப் படத்தின் வசனமும் எனக்கு அந்த அளவுக்கு வலுவாகத் தோன்றியதில்லை. அவர் சொல்லால்தான் வழக்கு நின்றது, எழுத்தருக்குத் தண்டனையும் கிடைத்தது.

எல்லா வழக்கும் அப்படி அமைவதில்லை. ஓர் ஒப்பந்தக்காரர், தானே எழுதிக் கொடுத்த புகாரை நீதிமன்றத்தில் மறுத்துப் பிறழ் சாட்சியானார். அவருடைய பில்கள் அதே அலுவலகத்தில்தான் மறுபடியும் தேற வேண்டும் என்பதை அறிந்த எனக்கு அவர்மீது கோபத்தைவிட வருத்தமே மிகுந்தது. பணத்தைக் கைப்பற்றியது மட்டும் போதாது, லஞ்சம் கேட்டதையும் நிரூபிக்க வேண்டும் என்று ஜெயராஜ் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த நிலையில், புகார்தாரர் இறந்துவிட்டாலோ பிறழ்ந்துவிட்டாலோ வழக்கு என்னாவது என்ற கேள்வி நெடுநாள் எங்களை வாட்டியது. பிற சாட்சியங்களையும் சூழ்நிலைகளையும் கொண்டும் லஞ்சம் கேட்டதை நிறுவலாம் என்று 2022 டிசம்பரில், நீரஜ் தத்தா வழக்கில், ஐந்து நீதிபதிகள் அமர்வு தெளிவுபடுத்தியது. நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த அந்தத் தீர்ப்பை ஒரே அமர்வில் முழுவதும் படித்து முடித்தேன். சட்டமன்றத்துக் காட்சிக்குப் பாட்னா மக்கள் ஆரவாரித்த வேகம் அன்று எனக்கும் புரிந்தது.

பீகாரில் நேர்மைக்கு உயிரைக் கொடுத்தவர் திரையில் மட்டும் இல்லை. டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தாவை இணைக்கும் தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தும் அது வெளியாகிவிட்டது. அவரிடம் துப்பாக்கி இல்லை, காக்கியும் இல்லை, எழுதிய கடிதம் மட்டுமே இருந்தது. அவர் மரணத்துக்குப் பிறகு எழுந்த குரல்கள்தான், தகவல் தருவோரைக் காக்கும் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு வலு சேர்த்தன. 2014இல் நாடாளுமன்றம் அத்தகைய சட்டத்தை நிறைவேற்றியும் விட்டது. அதை நடைமுறைக்குக் கொண்டுவருவதில் காட்டப்பட்ட தயக்கத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை.

சாட்சிகளைக் காக்க 2018இல் ஒரு திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் ஒப்புதல் அளித்து, எல்லா மாநிலங்களும் அதைப் பின்பற்ற வேண்டும் என்றது. உயிருக்கு மிரட்டல் உள்ளவர்களுக்கு அது உதவும். ஓய்வூதியக் கோப்புக்காகப் போராடும் ஒரு பெண்ணுக்கு அதற்கும் முன்பாகத் தேவைப்படுபவை வேறு. பொறிக்காகக் கொடுத்த பணம் விரைவாகத் திரும்ப வேண்டும். வாய்தா தள்ளிப்போகும் நாளிலும், சாட்சி சொல்ல வருபவருக்கான படித்தொகை கையில் கிடைக்க வேண்டும். அவர் கோப்பு அதற்குப் பிறகு அதே பிரிவில் தேங்கிக் கிடக்காமல், மேலதிகாரி ஒருவரின் பொறுப்பில் முடித்து வைக்கப்பட வேண்டும். இந்த மூன்றையும் என் காலத்தில் நாங்கள் கடிதம் எழுதியும் நேரில் போய்க் கேட்டும்தான் பெற்றுத் தந்தோம். எந்த அதிகாரியும் கேட்காமலே அவை நடக்கும்படி விதிகளில் எழுதப்பட வேண்டும்.