வேலையிழப்பு உதவித்தொகைக்கு வரி: பத்து சதவீதத்தோடு முடியாது

அமெரிக்காவில் வேலை போனபின் மாநில அரசு வாரந்தோறும் தரும் அன்எம்ப்ளாய்மென்ட் பணம் மத்திய அரசின் கணக்கில் முழுக்க வருமானம்தான். 1987 முதல் முழுத் தொகைக்கும் வரி உண்டு, இரண்டு வருடங்கள் தவிர. 2009-ஆம் ஆண்டுக்கு முதல் 2,400 டாலருக்கு விலக்கு இருந்தது. கோவிட் சமயத்தில், 2020-ஆம் ஆண்டுக்கு மட்டும், ஒருவருக்கு 10,200 டாலர் வரை விலக்கு தந்தார்கள். அது இப்போதும் இருக்கிறது என்று நம்புகிறவர்கள் உண்டு. இல்லை.

சம்பளத்தில் பிடிப்பதுபோல் சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிக்கேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) பிடித்தம் இதில் கிடையாது. சம்பாதித்த வருமானமாகவும் சேராது. வருடம் முழுக்க இந்தப் பணம் மட்டுமே வந்திருந்து, சேர்ந்து தாக்கல் செய்யும் துணைவருக்கும் சம்பளம் இல்லையென்றால் ஐஆர்ஏ எனும் ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கில் போட முடியாது. குறைந்த வருமானக்காரர்களுக்கான இஐடிசி சலுகைக்கும் இது கணக்காகாது.

சிக்கல் பிடித்தத்தில் இருக்கிறது. நீங்களாகக் கேட்காவிட்டால் ஒரு பைசா பிடிக்க மாட்டார்கள். கேட்க டபிள்யூ-4வி படிவம் இருக்கிறது. பல மாநிலங்களில் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போதே டிக் அடித்துவிடலாம். பிடிப்பது 10 சதவீதம் மட்டுமே, கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது. கலிஃபோர்னியாவில் உச்சத் தொகை வாரம் 450 டாலர். 26 வாரம் வாங்கினால் 11,700, பிடித்தம் 1,170. கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்து, மற்றவர் சம்பளத்தால் நீங்கள் 22 சதவீத அடுக்கில் இருந்தால் இந்தப் பணத்துக்கு வரி 2,574. ஏப்ரலில் 1,404 டாலர் பாக்கி நிற்கும்.

இதை அடைக்க 1040-இஎஸ் படிவத்தோடு முன்கூட்டியே வரியை நான்கு தவணையாகக் கட்டலாம்: ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த ஜனவரி 15. ஆனால் வேலையில் இருக்கும் துணைவர் நிறுவனத்திடம் தரும் டபிள்யூ-4 படிவத்தில் 4(சி) இடத்தில் கூடுதல் பிடித்தம் எழுதிக் கொடுப்பதுதான் என் பார்வையில் சுலபம். சம்பளப் பிடித்தத்தை வருடம் முழுக்கச் சமமாகக் கட்டியதாகவே மத்திய வரித்துறையான ஐஆர்எஸ் எடுத்துக்கொள்ளும். நவம்பரில் விழித்துக்கொண்டாலும் பழைய காலாண்டுகளுக்கும் சேர்த்து ஈடுகட்டிவிடலாம். 1040-இஎஸ் தவணைக்கு அந்த வசதி தானாக வராது. பாக்கி 1,000 டாலருக்குக் குறைவென்றாலும், போன வருட வரிக்கு இணையாக (வருமானம் 1,50,000-ஐத் தாண்டியிருந்தால் 110 சதவீதம்) ஏற்கெனவே கட்டியிருந்தாலும், குறைவாகக் கட்டியதற்கான அபராதம் இல்லை.

வேலையை விட்டு அனுப்பும்போது நிறுவனம் தரும் செவரன்ஸை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது சம்பளம், வருடாந்தரச் சம்பளப் படிவமான டபிள்யூ-2வில் வரும், சோஷியல் செக்யூரிட்டியும் பிடிப்பார்கள். மத்திய வரியாகப் பெரும்பாலும் 22 சதவீதம் போகும்.

மாநில வரி ஊருக்கு ஊர் வேறு. கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, வர்ஜீனியாவில் இந்தப் பணத்துக்கு வரி கிடையாது. டெக்சஸில் வருமான வரியே கிடையாது. நியூயார்க்கில் கட்டத்தான் வேண்டும்.

எச்-1பி வேலை விசாவில் இருப்பவருக்கு இந்தப் பணம் கிடைப்பது அரிது. ஆகவே நம்மவர்களில் இந்தக் கேள்வி அதிகம் எழுவது கிரீன் கார்டுக்காரர்களுக்கும், இஏடி எனும் வேலை அனுமதி அட்டை வைத்திருக்கும் எச்-4 துணைவர்களுக்கும் (எச்-1பிக்காரரின் கணவன் அல்லது மனைவி) தான்.

வருடம் முழுக்க வாங்கிய உதவித்தொகையைக் காட்டும் 1099-ஜி படிவம் ஜனவரி கடைசிக்குள் வந்துவிட வேண்டும். தபாலில் காணோமென்றால் மாநிலத் துறையின் தளத்தில் உங்கள் கணக்கில் தேடுங்கள். முதல் பெட்டியில் உள்ள தொகை ரிட்டர்னின் இணைப்பான ஷெட்யூல் 1-இல் 7-ஆம் வரிசைக்குப் போகும், நான்காம் பெட்டியில் உள்ளது பிடித்த வரி. இரண்டாம் பெட்டி மாநில வரி ரீஃபண்டுக்கானது. சிலர் அதையும் கூட்டிவிடுகிறார்கள். கூடுதலாக வந்ததை அதே வருடம் திருப்பிக் கட்டியிருந்தால் கழித்துக்கொண்டு, அந்த வரிசையின் பக்கத்தில் திருப்பிக் கட்டிய தொகையைக் குறிப்பிட வேண்டும். அடுத்த வருடம் கட்டினால் 3,000 டாலருக்கு மேல் போனால்தான் அதற்குக் கட்டிய வரியை மீட்க வழி உண்டு. அதற்குக் கீழே என்றால், கட்டிய வரி போனதுதான்.

வாங்காத பணத்துக்கு 1099-ஜி வந்தால் யாரோ உங்கள் பெயரில் விண்ணப்பித்திருக்கிறார்கள். மாநிலத் துறையிடம் புகார் செய்து திருத்திய படிவம் கேளுங்கள். அது வரத் தாமதமானாலும் உண்மையில் உங்கள் கைக்கு வந்த தொகையை மட்டும் காட்டி ரிட்டர்னைக் காலத்தில் தாக்கல் செய்துவிடலாம்.